சகோதரரும் அயலாரும்: பொன்ஹோபரின் ‘ஒன்றித்த வாழ்வு’ பற்றி ஒரு மதிப்பீடு

ஊரவர்க்கு உபதேசிப்பவனுக்கு உபதேசிப்பவர் யாவர் என்ற வினா எல்லாச் சமயங்களுக்கும் பொதுவானது. பிரசங்க பீடத்தில் நிற்பவனை இடைமறித்துக் கேள்வி கேட்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆராதனை முடிந்து வாயிலில் நின்று விடைகொடுக்கும்போது அவன் செவியில் விழுவன முகமன் உரைகளே. ஆண்டுகள் செல்லச் செல்ல, அவன் தன் குரலையே இறைவன் குரலென மயங்கத் தொடங்குகிறான். அல்லது தான் சொல்வதில் தானே நம்பிக்கையிழந்து, பழகிய சொற்களைப் பழகிய ஏற்ற இறக்கத்தோடு ஒப்புவிக்கத் தொடங்குகிறான். இவ்விரு நோய்க்கும் மருந்து ஒத்தாரிடத்திலேயே உண்டு. பௌத்தம் சங்கத்தை அமைத்தது; பக்தி நெறி அடியார் கூட்டத்தைப் போற்றியது; நண்பனுக்குரிய கடமைகளுள் இடித்துரைத்தலை வள்ளுவர் முன்வைத்தார். துறவிமடங்களைக் களைந்த புரட்டஸ்தாந்து மரபோ போதகனைத் தன் ஊரில், தன் மனையில், தன் நூல்களோடு பெரிதும் தனித்தே விட்டது.

இக்குறையை நீக்க முயன்ற போதகர் கூட்டுகளுள் ஒன்று, ஜேர்மனியில் 1935 முதல் 1937 வரை பிங்கன்வால்ட் என்னுமிடத்தில் இயங்கியது. அதன் அநுபவத்திலிருந்து பிறந்ததே டீட்ரிக் பொன்ஹோபர் எழுதிய, தமிழில் ‘ஒன்றித்த வாழ்வு’ எனப் பெயரிடத்தக்க நூல். 1939இல் மியூனிக் நகரில் ஒரு சிறு வெளியீடாக வந்த அது, 1954இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டபின், தியான முகாம்களிலும் இறையியற் கல்லூரிகளிலும் கைந்நூல் என்னும் நிலையை எய்தியது. அவ்வாறு கைந்நூலானபோது அதற்கு நேர்ந்த கதி யாது என்பதும், அக்கதிக்கு நூலே எவ்வளவு இடங்கொடுத்தது என்பதும் ஆராயத்தக்கன. போதகர்கள் கூடி ஒருவரையொருவர் ஆன்மிகத்தில் வளர்ப்பது, நீதிக்காகப் பேசும் வலிமையைத் தருமா, அன்றி அப்பேச்சிலிருந்து ஒதுங்கியிருப்பதற்கு இதமான ஓர் அறையாகுமா? இவ்வினாவுக்கு இந்நூலும் அதன் பின்னணியும் தரும் விடை இலகுவானதன்று.

பின்னணியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரிலில் யூதர் அரச சேவையிலிருந்து நீக்கப்பட்டனர். அதே விதியைத் திருச்சபைக்குள்ளும் புகுத்தி, யூத வழிவந்த போதகர்களை விலக்கும் தீர்மானத்தைப் பழைய பிரஷியத் திருச்சபையின் பேரவை செப்டெம்பரில் நிறைவேற்றியது. அம்மாதமே மார்ட்டின் நீமொல்லர் போதகர்களின் அவசர கால ஒன்றியத்தை அமைத்தார். 1934இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 7,000 போதகர் அதில் இணைந்திருந்தனர். இதிலிருந்து வளர்ந்ததே அறிக்கைத் திருச்சபை. 1934 மே மாதத்தில் பார்மன் நகரிற் கூடித் தன் விசுவாசத்தை அறிக்கையிட்டதால் அப்பெயர் நிலைத்தது. இவ்வரலாற்றில் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. ஜேர்மன் போதகர்களை ஒன்றுதிரட்டிய முதற்பொறி, தம்மோடு பீடத்தில் நின்ற யூத வழித் தோழருக்கு நேர்ந்த அநீதி. வீதியில் அடிபட்ட, ஞானஸ்நானம் பெறாத யூதன் அன்று அவ்வொன்றியத்தின் பிரமாணத்துள் இடம்பெறவில்லை. பார்மன் அறிக்கையிலும் அவன் இல்லை. அவ்வறிக்கையை வரைந்த கார்ல் பார்த், பல ஆண்டுகளின் பின், 1967இல், யூதர் பிரச்சினையை அன்று முதன்மைப்படுத்தாமைக்குத் தாமும் பொறுப்பெனத் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

பொன்ஹோபர் இவ்விடயத்தில் பிறரினும் முன்னே சென்றவர். 1933 ஏப்ரிலிலேயே, அரசு அநீதி செய்யும்போது திருச்சபை என்செய்தல் வேண்டும் என்பதை எழுதினார். அரசை நோக்கி அதன் செயல் முறையானதா எனக் கேட்டல், பாதிக்கப்பட்டவர் எச்சமயத்தவராயினும் அவர்க்கு உதவுதல், இறுதியில் அச்சக்கரத்தையே தடுத்து நிறுத்துதல் என மூன்று படிகளை வகுத்தார். ஆயினும் அதே ஏப்ரிலில் அவர் தவறியும் இருக்கிறார். அவருடைய இரட்டைச் சகோதரி சபீனாவின் கணவர் கெர்ஹாட் லைப்ஹோல்ஸ் யூத வழியினர், ஞானஸ்நானம் பெற்றவர், சட்டப் பேராசிரியர். லைப்ஹோல்ஸின் தந்தை இறந்தபோது அடக்க ஆராதனையை நடத்தித் தருமாறு பொன்ஹோபர் கேட்கப்பட்டார். இறந்தவர் ஞானஸ்நானம் பெறாத யூதர். பொன்ஹோபர் தம் மேலதிகாரியிடம் ஆலோசனை கேட்டு, அவர் சொற்படி மறுத்துவிட்டார். சில மாதங்களின் பின், தாம் அவ்வளவு அஞ்சியது எங்ஙனம் என்று தமக்கே விளங்கவில்லையெனக் கூறி, அக்குடும்பத்தாரிடம் கடிதமூலம் மன்னிப்புக் கேட்டார். கட்டுரையில் வகுத்த நெறியைத் துக்க வீட்டில் கைக்கொள்ள முடியாமற்போன அநுபவம் இது. தனியொரு போதகனின் அறிவு அவனுடைய துணிவுக்குப் போதாது என்பதை அவர் பிறரிடம் கற்கவேண்டியிருக்கவில்லை.

வேறிடங்களிலும் அவர் தேடினார். 1930, 1931ஆம் ஆண்டுகளில் நியூயோர்க்கில் தங்கியிருந்தபோது, ஹார்லம் பகுதியின் கறுப்பின மக்கள் வழிபட்ட அபிசீனிய பப்ரிஸ்த ஆலயத்தில் ஞாயிறுதோறும் பணிபுரிந்தார். இங்கிலாந்திலே அங்கிலிக்கன் துறவியரின் மடங்களைச் சென்று பார்த்தார். இந்தியாவுக்குச் சென்று காந்தியடிகளின் ஆச்சிரமத்தில் வாழ விரும்பினார். காந்தியடிகளும் 1934 நவம்பர் 1ஆந் திகதிய கடிதத்தில் அவரை வரவேற்றார். கூடி வாழ்தலும் அநீதியை எதிர்த்தலும் ஒரே ஒழுக்கத்தின் இரு முகங்களாக அவ்வாச்சிரமத்தில் விளங்கியமையே பொன்ஹோபரை ஈர்த்தது எனலாம். அப்பயணம் நிறைவேறவில்லை. அறிக்கைத் திருச்சபை தன் இளம் போதகர்க்கென நிறுவிய பயிற்சி இல்லங்களுள் ஒன்றை நடத்தும் பொறுப்பு 1935இல் அவரிடம் வந்தது. ஆச்சிரமத்திற்குப் போகவிருந்தவர் பொமரேனியாவிலே ஓர் ஆச்சிரமத்தை அமைக்க நேர்ந்தது எனின் அது மிகையாகாது.

1935 ஏப்ரில் இறுதியில் பால்டிக் கரையிலுள்ள சிங்ஸ்ற் என்னுமிடத்தில் இருபத்துமூன்று மாணவரோடு பயிற்சி தொடங்கியது. ஜூன் மாதத்தில் ஸ்ரெற்றின் நகரை அடுத்த பிங்கன்வால்டுக்கு இடம்பெயர்ந்தனர். (இன்று அது போலந்தின் ஷ்செசின் நகரோடு சேர்ந்த ஒரு பகுதி.) முதல் நாட்களில் நிகழ்ந்த ஒன்றை, மாணவராயிருந்து பின்னர் பொன்ஹோபரின் வரலாற்றை எழுதிய எபர்ஹாட் பெத்கே பதிவு செய்துள்ளார். பாத்திரம் கழுவ உதவி வேண்டுமெனச் சமையலறையிலிருந்து அழைப்பு வந்தது, எவரும் எழவில்லை. பொன்ஹோபர் ஒரு சொல்லும் பேசாது எழுந்து உட்சென்றார். பின் நாணி ஓடிவந்த மாணவரை உள்ளே விடவில்லை. பட்டதாரிகளான, நற்குடும்பங்களிற் பிறந்த அவ்விளைஞர்க்கு இறையியலின் முதற் பாடம் இவ்வாறு கிடைத்தது.

நாளின் ஒழுங்கு கடுமையானது. காலையும் இரவும் நீண்ட பொது வழிபாடு; சங்கீதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படும். ஒவ்வொருவரும் ஒரு சிறு வேதப்பகுதியை எடுத்து அரைமணி நேரம் மௌனமாகத் தியானிக்க வேண்டும்; மூல மொழியையோ விரிவுரை நூல்களையோ அப்போது நாடலாகாது. அப்பகுதியைப் பிரசங்கமாக்கும் எண்ணமும் கூடாது. மாணவர் முணுமுணுத்தனர்: சிலர் உறங்கினர், சிலர் அந்நேரத்திலும் பிரசங்கக் குறிப்பையே மனத்துள் எழுதினர். திருவிருந்துக்கு முன்னாள் மாலை, தம்முள் மனத்தாங்கல் உடையோர் ஒருவரையொருவர் அணுகி மன்னிப்புக் கேட்க வேண்டும். விரும்பியோர் ஒரு சகோதரனிடம் தம் பாவத்தை அறிக்கையிடலாம். தலைவரே தம் மாணவருள் ஒருவரிடம் சென்று அறிக்கையிட்டார். இவற்றோடு ஒரு விதியும் இருந்தது. அங்கில்லாத சகோதரனைப் பற்றி எவரும் பேசலாகாது. பேச நேரின், பின்னர் அவனிடமே சென்று அதைச் சொல்லிவிட வேண்டும். பிரசங்கங்களினும் விரிவுரைகளினும் இவ்வெளிய விதியும், அது மீண்டும் மீண்டும் மீறப்பட்டமையுமே தமக்கு அதிகம் கற்பித்தன என்று மாணவர் பின்னர் நினைவுகூர்ந்தனர்.

இது கத்தோலிக்க மடம் என்ற பழி விரைவில் எழுந்தது. 1936 ஒக்டோபரில் கார்ல் பார்த்தே இதில் மடத்து வாடை வீசுகிறது என்ற கருத்துப்படக் கடிதம் எழுதினார். இக்கண்டனத்துக்கு விடை ஓராண்டு முன்னரே எழுதப்பட்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1935 செப்டெம்பரில், பயிற்சி முடிந்தபின்னும் சிலர் தங்கி வாழ ஒரு சகோதரர் இல்லம் வேண்டுமெனத் திருச்சபைத் தலைமைக்குப் பொன்ஹோபர் விண்ணப்பித்தார். இளம் போதகன் தனிமையில் வாடுகிறான். கூடி வாழ்ந்து பெறும் அநுபவத்திலிருந்து எழும் பிரசங்கம் தெளிவும் அச்சமின்மையும் உடையதாயிருக்கும். இங்கு நாடப்படுவது உலகைத் துறந்த ஒதுக்கம் அன்று, வெளியே ஆற்றும் பணிக்கான அக ஒருமைப்பாடு. விண்ணப்பத்தின் சாரம் இது. அச்சமின்மை என்ற சொல் அங்கே வெறும் அலங்காரமன்று. பிங்கன்வால்டிலிருந்து வெளியேறும் ஒவ்வொருவனையும் எதிர்நோக்கி நின்றது இரகசியப் பொலிஸ். அவன் பாவ அறிக்கை செய்து பழகியது, விசாரணை அறையில் தன்னைத் தானே ஏமாற்றாதிருப்பதற்கும் ஆகும்.

1937 செப்டெம்பர் இறுதியில் இரகசியப் பொலிசார் இல்லத்தை மூடினர். அவ்வாண்டு முடிவதற்குள் பழைய மாணவருள் இருபத்தெழுவர் கைதாகியிருந்தனர். எழுதப்பட்டிராத இல்லவாழ்வை எழுத்தாக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் இதன் பின்னரே பொன்ஹோபருக்கு எழுந்தது. 1938இன் இலையுதிர் காலத்தில், நான்கு வாரங்களுக்குள், கேற்றிங்கன் நகரிலுள்ள ஒரு வீட்டிலிருந்து அவர் ‘ஒன்றித்த வாழ்வு’ நூலை எழுதி முடித்தார். அவ்வீடு லைப்ஹோல்ஸ் குடும்பத்தினுடையது. அவ்வாண்டு செப்டெம்பரில்தான், யூத வழியினர் என்பதால், அக்குடும்பம் நாட்டை விட்டுத் தப்பியோடியிருந்தது. பொன்ஹோபரும் பெத்கேயும் அவர்களை வழியனுப்பி வந்தனர். எந்த வீட்டின் துக்கத்தில் பங்குகொள்ள அஞ்சினாரோ, அதே குடும்பத்தாரின் வெறுமையான வீட்டில், அவர்களுடைய தளபாடங்களிடையே அமர்ந்து, சகோதர வாழ்வைப் பற்றி அவர் எழுதினார். நூலில் அவ்வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இனி நூலை நோக்கலாம். ஐந்து அதிகாரங்கள்: கூட்டுறவு, ஒன்றாய்க் கழிக்கும் நாள், தனியே கழிக்கும் நாள், பணிவிடை, பாவ அறிக்கையும் திருவிருந்தும். நடை இறுக்கமானது, வாக்கியங்கள் பல சூத்திரம் போல நிற்பன. முதலதிகாரமே நூலின் உயிர். கூட்டுறவைப் பற்றித் தான் கண்ட கனவைக் கூட்டுறவினும் மேலாக நேசிப்பவன், எத்துணை நல்ல நோக்கம் உடையவனாயினும், அதை அழித்தே விடுவான் என்று பொன்ஹோபர் வாதிடுகிறார். இலட்சிய சமூகத்தை மனத்திலே கட்டிக்கொண்டு வந்து, அயலவன் அதற்கு ஒத்துவராதபோது முதலில் அவனையும், பின் கடவுளையும், இறுதியில் தன்னையும் குற்றஞ்சாட்டும் மனிதனை அவர் தீட்டிக் காட்டும் விதம் ஓர் உளவியல் ஓவியமாகும். சமய வட்டத்துக்கு அப்பால், இயக்கங்களிலும் சங்கங்களிலும் பாடுபட்டோர் எவரும் அம்மனிதனை இனங்கண்டு கொள்வர்.

பணிவிடை பற்றிய அதிகாரம் வேறொரு வகையில் வியப்பளிப்பது. போதகர்க்கென எழுந்த நூல், போதகப் பணியை வரிசையின் பிற்பகுதியிலேயே வைக்கிறது. முதலிடம் நாவடக்கத்துக்கு. சகோதரனைப் பற்றி மறைவாகப் பேசலாகாது என்பதோடு, உதவியும் நல்லெண்ணமும் என்ற போர்வையிலும் பேசலாகாது என நூல் சேர்த்துக் கூறுகிறது. சமய வட்டாரங்களை அறிந்த ஒருவரே அப்போர்வையைக் கண்டிருக்க முடியும்: ‘அவருக்காகப் பிரார்த்திக்க வேண்டும்’ என்ற முன்னுரையோடுதானே அங்கு புறங்கூறல் தொடங்குகிறது. அடுத்து, செவிமடுத்தல். எப்போதும் எதையாவது சொல்லக் கடமைப்பட்டவராகத் தம்மைக் கருதும் போதகர், கேட்டலும் ஒரு பணி என்பதை மறந்துவிடுகின்றனர். சகோதரனைக் கேளாதவன் விரைவில் கடவுளையும் கேளாதவனாவான். பின்னர் சிறு உதவிகள், பிறர் சுமையைத் தாங்குதல். இவையெல்லாம் கைவந்தவனுக்கே இடித்துரைக்கும் உரிமை வருகிறது. வந்தபின் அதைச் செய்யாதிருப்பது இரக்கமன்று, கொடுமை என்கிறார். இவ்வரிசை முறையே நூலின் நுட்பமான வாதமாகும். நீதியைப் பேச விரும்பும் போதகன், தன்னைப் பிறர் திருத்த இடங்கொடாதவனாயின், அவன் பேச்சு வெறும் ஆணவமே என்பது அதன் உட்பொருள்.

பாவ அறிக்கை பற்றிய இறுதி அதிகாரமும் இதையொட்டியதே. பக்திமான்களின் கூட்டத்தில் எவனும் பாவியாயிருக்க அனுமதிக்கப்படுவதில்லை. ஆகவே ஒவ்வொருவனும் ஒளித்து வாழ்கிறான். கூடி வழிபட்டும் தனியனாகவே இருக்கிறான் என்ற கூற்று, பொது வாசகனையும் சுடுவது. ஒற்றைக் குரலில் மட்டுமே பாடவேண்டும், தாழ்சுரத்தைக் காட்டித் தம் குரல்வளத்தை மெச்சவைப்போரை அடக்கவேண்டும் என்று கடிந்துரைக்கும் பகுதியோ அளவிறந்த கண்டிப்பு. ஹார்லத்திலிருந்து கொணர்ந்த கறுப்பின மக்களின் பக்திப் பாடல் இசைத்தட்டுகளை மாணவர்க்கு ஆர்வத்தோடு போட்டுக் காட்டியவரும் இவரே. பல குரல் இழைந்து ஒலிக்கும் அப்பாடல்கள் இவ்விதிக்கு எங்ஙனம் அடங்கும் என்பதை அவர் விளக்கினாரல்லர்.

இனி நூலின் மௌனம். 1938இல், ஜேர்மனியில், போதகர் வாழ்வைப் பற்றி எழுதப்பட்ட நூலில் அரசு இல்லை, சிறை இல்லை, யூதர் இல்லை. இதற்குத் தணிக்கையைக் காரணமாகக் காட்டுவர். அது மெய்யே. வெளிப்படையாக எழுதியிருப்பின் நூல் வெளிவந்திராது. பின்னர், 1941இல், எதையும் வெளியிடலாகாது என்ற தடையும் அவர்மேல் விழுந்தது. நூலின் சில இடங்களை அக்காலத்து வாசகர் மறைகுறியாகவே வாசித்திருப்பர். பலவீனரையும், மதிப்பற்றவரையும், பயனற்றவராகத் தோன்றுவோரையும் கூட்டுறவிலிருந்து விலக்குவது கிறிஸ்துவையே விலக்குவதாகலாம் என்று முதலதிகாரம் எச்சரிக்கிறது. ‘தகுதியற்றோர்’ பிள்ளைபெறாதவாறு அவர்களை மலடாக்கும் சட்டம் 1934இன் தொடக்கம் முதல் நடைமுறையில் இருந்த நாட்டில் இது சாதாரண பக்தி வாக்கியமன்று. சங்கீதங்களை நாள்தோறும் முழுமையாகப் படிக்குமாறு வற்புறுத்துவதும் அவ்வாறே. பழைய ஏற்பாட்டை யூதக் குப்பையென வீசிவிடுமாறு ‘ஜேர்மன் கிறித்தவர்’ இயக்கத்தார் 1933 நவம்பரில் பேர்லினில் பெருங்கூட்டம் கூட்டி முழங்கியிருந்தனர். அந்நிலையில் இஸ்ரவேலின் பாடல்களைத் திருச்சபையின் அன்றாட உணவாக்குவது தானே ஓர் எதிர்ப்பாகும்.

ஆயினும் தணிக்கை முழு விளக்கமாகாது. நூலின் அடிப்படைக் கருத்தாகிய ‘சகோதரன்’ என்பதிலேயே ஓர் எல்லை வரையப்பட்டிருக்கிறது. இங்கு சகோதரன் என்பவன் விசுவாசி. கூட்டுறவு கிறிஸ்துவின் மூலமே வருவது. பணிவிடைகள் அனைத்தும் வட்டத்துக்குள்ளே நிகழ்வன. வட்டத்துக்கு வெளியே நிற்கும் அயலானை எவ்வாறு கேட்பது, அவன் சுமையை எவ்வாறு தாங்குவது என்பதற்கு நூலில் அதிகாரம் இல்லை. பகைவர் நடுவே வாழ்வதே கிறித்தவன் கடன் என்று தொடக்கத்திற் கூறும் நூல், அப்பகைவர் நடுவே அல்லலுறும் மூன்றாமவனை மறந்துவிடுகிறது. அங்கில்லாதவனைப் பற்றிப் பேசாதிரு என்ற விதி சகோதரனுக்குக் கவசம். அதே 1938இல் அங்கில்லாதவனாக்கப்பட்ட யூதனுக்கோ, பேசாமையே மரணம். ஒரே மௌனம் இல்லத்துக்குள் அறமாகவும் இல்லத்துக்கு வெளியே குற்றமாகவும் ஆகும் நிலை இது. இல்லத்தின் அறத்தை இத்துணை நுணுக்கமாக வகுத்தவர், அது எவ்விடத்தில் தலைகீழாகிறது என்பதை நூலிலே சுட்டாது விட்டமை பெருங்குறையேயாகும்.

இக்குறை ஒருவருக்கே உரியதன்று என்பதற்கு 1935ஆம் ஆண்டிலேயே சான்றுண்டு. அவ்வாண்டு செப்டெம்பர் 15இல் யூதரின் குடியுரிமையைப் பறிக்கும் நியூரம்பேர்க் சட்டங்கள் வந்தன. அடுத்த வாரம் அறிக்கைத் திருச்சபையின் பிரஷியப் பேரவை பேர்லினின் ஸ்ரெக்லிட்ஸ் பகுதியிற் கூடியது. பேரவை யூதரைக் கைவிட்டுவிடும் என அஞ்சிய பொன்ஹோபர் தம் மாணவரையும் அழைத்துக்கொண்டு அங்கு விரைந்தார். தியான இல்லத்தின் இளைஞர் அன்று பார்வையாளர் பகுதியில் அமர்ந்து அழுத்தம் கொடுக்கும் அணியாயினர். ஞானஸ்நானம் பெறவரும் யூதரை ஏற்கும் உரிமையைப் பேரவை நிலைநிறுத்தியது. ஏனைய யூதர் பற்றி வாய்திறக்கவில்லை. அதே காலத்தில், பேர்லினைச் சேர்ந்த ஆசிரியை எலிசபெத் ஸ்மித்ஸ் என்பவர், யூதர் நாள்தோறும் அநுபவித்த கொடுமைகளைத் திரட்டி ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதியிருந்தார். ஏறத்தாழ 200 பிரதிகளைத் தாமே பெருக்கி, திருச்சபையின் பொறுப்பாளருக்கு அனுப்பினார். பேரவை அதை எடுத்து ஆராயவில்லை. அவர் போதகரல்லர், பெண், எந்தச் சகோதரர் வட்டத்திலும் அவருக்கு ஆசனம் இல்லை. 1999 வரை அவ்விண்ணப்பம் வேறொரு பெண்மணியின் ஆக்கமாகவே கருதப்பட்டு வந்தது. 1938 நவம்பரின் பின் அவர், இவ்வரசின் பாடசாலையில் கற்பிக்க மனச்சாட்சி இடந்தராதெனத் தம் ஆசிரியப் பதவியைத் துறந்தார். சகோதரர் கூட்டு தனக்குள் கேட்கப் பழகிய செவியை வெளியிலிருந்து வந்த குரலுக்குத் திறக்கவில்லை எனில், அப்பழக்கத்தின் பயன் பாதியே.

கூட்டின் உள்ளும் எல்லாம் நன்றாய் முடியவில்லை. அறிக்கைத் திருச்சபை குருப்பட்டம் அளித்த இளம் போதகர் சட்டத்தின் கண்ணில் போதகரல்லர். சம்பளமும் மனையும் அவர்க்கில்லை. அரசு சார்ந்த திருச்சபை நிருவாகத்திடம் விண்ணப்பித்துச் ‘சட்டபூர்வமாகும்’ வழி 1938இல் திறந்தபோது பிங்கன்வால்டில் வாழ்ந்தோர் சிலரும் அவ்வழியிற் சென்றனர். அவ்வாண்டு ஹிட்லரின் பிறந்தநாளையொட்டி, போதகர்கள் அவருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டுமெனத் திருச்சபை அதிகாரிகள் கட்டளையிட்டனர். மிகப் பெரும்பாலோர் செய்தனர். தியானமும் பாவ அறிக்கையும் ஒருவனை உறுதியாக வீரனாக்கிவிடும் என்று கருதுவோர்க்கு இவ்வரலாறு இடந்தராது. மனைவியும் கைக்குழந்தையும் உடைய, நிலக்கரி வாங்கக் காசில்லாத ஓர் இளைஞனைக் கேற்றிங்கனிலிருந்தோ பேர்லினிலிருந்தோ குறைகூறுதல் எளிது. பொன்ஹோபர் குறைகூறினார், அதே வேளை அவர்களோடு தொடர்பை அறுத்தாரல்லர். மாதந்தோறும் என்று சொல்லத்தக்க ஒழுங்கிற் பழைய மாணவர்க்குச் சுற்று மடல்கள் சென்றன. யார் கைதானார், யாருக்குத் திருமணம், இவ்வாரம் எப்பகுதியைத் தியானிப்பது என்பனவெல்லாம் அவற்றில் இருந்தன. இல்லம் இழந்த கூட்டு அம்மடல்களிலேயே வாழ்ந்தது.

நூலின் மௌனம் உடைவதும் அங்கேதான். ‘ஒன்றித்த வாழ்வு’ எழுதி முடிந்து சில வாரங்களே சென்றிருந்தன. 1938 நவம்பர் 9ஆந் திகதி இரவு ஜேர்மனி எங்கும் யூத தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்டன. அப்போது பொன்ஹோபர் பின்பொமரேனியாவின் குறோஸ் ஸ்லோன்விட்ஸ் என்ற சிற்றூரில், போதகர் பயிற்சியை மறைவாகத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருந்தார். தாம் தியானத்துக்குப் பயன்படுத்திய வேதாகமத்தில், தேவனுடைய ஆலயங்கள் சுட்டெரிக்கப்பட்டதை முறையிடும் 74ஆம் சங்கீதத்தின் எட்டாம் வசனத்துக்குக் கீழே கோடிட்டு, ஓரத்தில் அத்திகதியை எழுதினார். அவ்வேதாகமத்தில் அவர் திகதி எதனையும் எழுதும் வழக்கமுடையவரல்லர் என்பர் ஆய்வாளர். நவம்பர் 20ஆந் திகதிய சுற்று மடலில், சில நாட்களாகத் தாம் அச்சங்கீதத்தையே எண்ணிக்கொண்டிருப்பதாகச் சகோதரர்க்குத் தெரிவித்து, அதனோடு சகரியாவின் இரண்டாம் அதிகாரத்தையும் உரோமரின் ஒன்பதாம் பதினொராம் அதிகாரங்களையும் சேர்த்து வாசிக்கச் சொன்னார். அவை யூதரைக் கடவுளின் கண்மணி என்றும், தள்ளப்படாத ஜனம் என்றும் கூறும் பகுதிகள். கடிதத்தைப் பிரிக்கும் பொலிசாரனுக்கு அது நான்கு வேத எண்கள் மட்டுமே. நூலில் வகுத்த தியானமுறை, நூல் சொல்லாது விட்டதைச் சொல்லும் கருவியாயிற்று. யூதருக்காகக் குரலெழுப்பாதவனுக்குக் கிரகோரியன் கீதம் பாட உரிமை இல்லையென்ற அவரது கூற்றும் இவ்வாறே: எந்நூலிலும் இல்லை, மாணவரின் நினைவில் மட்டும் தங்கியிருந்தது.

1943 ஏப்ரிலிற் கைதாகி, 1945 ஏப்ரில் 9ஆந் திகதி புளொசன்பேர்க் முகாமில் தூக்கிலிடப்பட்ட பொன்ஹோபரின் புகழ், பின்னாளில் இந்நூலின்மேற் சாய்ந்தது. தியாகியின் கையிலிருந்து வந்த பக்தி நூல் என்ற வகையில் வாசகர் அதன் ஒழுங்குகளைப் போற்றினர். எதற்காக அவ்வொழுங்குகள் என்பதை வினவினோர் குறைவு. காலை வழிபாட்டையும் மௌன தியானத்தையும் எடுத்துக்கொண்ட பல போதகர் வட்டங்கள், ஸ்ரெக்லிட்சுக்குப் புறப்பட்ட பயணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நூலிலே அப்பயணம் இல்லாமையால் அவர்களை முற்றாகக் குறைகூறவும் இயலாது.

அவரது ஆக்கங்களின் பெருந்தொகுப்பில் ‘ஒன்றித்த வாழ்வு’ ஐந்தாந் தொகுதியாக அமைந்துள்ளது. சகோதரர் இல்லம் வேண்டி எழுதிய விண்ணப்பமும் பிங்கன்வால்டின் ஏனைய பத்திரங்களும் பதினான்காந் தொகுதியில் உள்ளன. 1938 நவம்பர் மடல் பதினைந்தாந் தொகுதியில். பதிப்பாசிரியர்க்கு இப்பகுப்பு தவிர்க்கவியலாதது. வாசகனோ மூன்றையும் ஒரே மேசையில் விரித்து வைத்தல் வேண்டும்; ஐந்தாந் தொகுதி மட்டும் கைக்கு வருமாயின், சகோதரர்கள் அமைதியாக உணவருந்தும் அவ்வீடு எவருடையது என்பது அவனுக்குத் தெரியாமலே போய்விடும்.